சத்தம் போடாத பட்டன் டப்பா

"அந்த நர்ஸோட வாயைத் திறக்க வைங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள," என்றார் டாக்டரம்மா.

வாயைத் திறக்க வைக்கத்தான் பல் டாக்டர் இருக்கிறாரே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வந்த இடத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது மாமியார் போட்ட நிபந்தனை.

என் மாமியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் ஆபீஸ் திறந்தார். வேலை போன மாப்பிள்ளை பகலெல்லாம் டிவி ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் மாமியாரிடம் வீட்டில் மட்டும்தான் திட்டு வாங்குவார்கள். எனக்கு ஆபீஸிலும் உண்டு, அதுவும் "வாங்க, போங்க" என்று மரியாதை குறையாமல்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்," என்றார் மாமியார்.

டாக்டரம்மா மேஜை மேலிருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள். ஒன்று ஊதி வெடித்தது. பக்கத்தில் இருந்தவை அதை நோக்கி நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் வெடித்தன.

"இதெல்லாம் நோய் எதிர்ப்பு செல். எச்.ஐ.வி. கிருமிதான் இதையெல்லாம் ஒவ்வொண்ணா உள்ளே புகுந்து கொல்லுதுன்னு ரொம்ப நாள் நினைச்சோம். அப்படியில்லை. கிருமி நுழையப் பாக்குது. செல் அதைக் கண்டுபிடிச்சிடுது. உடனே அலறிக்கிட்டே வெடிச்சுப் போகுது. அலறலைக் கேட்டு உதவிக்கு வர்ற செல்லுங்களுக்கும் அதே கதி. சாகறதுல பெரும்பாலானதுக்குள்ள கிருமி சரியா குடியேறக்கூட இல்லை."

"உபகாரம் பண்ணப் போய் உயிரை விடுதுங்க," என்றேன். மாமியாரின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"போன செல்லைத் திரும்பக் கொண்டுவர்றது பெரும்பாடு. அதனால கிருமி உள்ளே வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்." டாக்டரம்மா பச்சை மூடி போட்ட ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்து வைத்தார். "தினம் ஒரு மாத்திரை. மருந்து பழசு, பாதுகாப்பானது. புருஷனுக்குக் கிருமி இருந்து, சிகிச்சை ஆரம்பிச்சு, இன்னும் அடங்காம இருக்கிற வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கொடுக்கறோம். மாசா மாசம் ரத்தம் எடுத்து, செல் குறையாம நிக்குதான்னு பாக்கறோம். அதுல ஒருத்தி தையல்காரி. பாட்டிலைக் காலியா கொண்டுவந்து கொடுக்கறா. ஆனா ரெண்டு மாசமா அவ ரத்தத்துல மருந்தோட வாசனைகூட இல்லை."

"போடாம குப்பையில கொட்டியிருப்பாங்க."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். இன்னிக்குக் காலையில ஸ்டோரைத் திறந்து பாத்தா எல்லா பாட்டில் சீலும் உடைஞ்சிருக்கு. சாவி நர்ஸ்கிட்ட மட்டும்தான். அசல் மாத்திரையை வித்துட்டு வேற எதையோ போட்டு வெச்சிருக்கா. மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன், முடிவு வர நாள் ஆகும். ஆனா மேல்பார்வைக் குழு இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கூடுது. எந்தெந்த பாட்டில்ல கை வெச்சான்னு அவ சொல்லலைன்னா, மொத்த ஆராய்ச்சியையும் மூடிடுவாங்க. நாளையிலேர்ந்து ஒரு பொண்ணுக்கும் மாத்திரை கிடையாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவருக்குக் கோபம் மட்டுமில்லை, பயமும் இருந்தது.

மாமியார் பாட்டிலைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தமே வரவில்லை. மூடியைத் திறந்தார். மாத்திரைகளுக்கு மேலே கெட்டியாகப் பஞ்சு அடைத்திருந்தது.

"இது கம்பெனி வெச்ச பஞ்சா?"

"இல்லை. அவ வேலைதான்."

"டாக்டர், திருடறவ எதுக்குப் போற இடமெல்லாம் பஞ்சு அடைச்சு அடையாளம் விட்டுட்டுப் போறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "மூடி ஏன் பச்சை?" என்றார்.

"மாசத்துக்கு ஒரு நிறம். பச்சை இந்த மாசத்துது. திங்கட்கிழமைதான் கொடுக்கவே ஆரம்பிச்சோம்."

ரத்தம் எடுக்கும் அறையில் நர்ஸை உட்கார வைத்து வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். நர்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஏற்கனவே சுத்தமாக இருந்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் அவர் எதிரில் உட்கார்ந்து, பாட்டிலை மறுபடி குலுக்கிக் காட்டினார்.

"யார் காதுல விழக் கூடாதுன்னு இந்தப் பஞ்சு?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு அந்தக் கேள்வியே கண்ணில் தண்ணீரை வரவழைத்துவிட்டது.

"இங்க முதல் முதல்ல சேர்ந்த பொண்ணும்மா. பாட்டிலைப் பையில போட்டுக்கிட்டு நடந்தா கலகலன்னு சத்தம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டுட்டா. என்ன மாத்திரை, எதுக்கு மாத்திரைன்னு நோண்டி நோண்டி, ரெண்டே நாள்ல தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவ அத்தனை மாத்திரையையும் சாக்கடையில கொட்டிட்டுப் போயிட்டா. அதுலேர்ந்து நான்தான் பஞ்சு அடைச்சுக் கொடுக்கறேன்."

"டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"சீலை உடைக்கக் கூடாதுங்கறது விதி. கேட்டா வேண்டாம்னு சொல்வாங்க. அதான் கேக்கலை."

என் கல்யாண வாழ்க்கை ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். சொல்ல வாயெடுத்தேன், மாமியார் கையைக் காட்டி அடக்கினார்.

"சரி. தையல்காரி ரத்தத்துல ஏன் மருந்து இல்லை?"

நர்ஸின் பார்வை கை கழுவும் தொட்டிப் பக்கம் போனது. "தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்ல இவ்வளவு நேரம் யோசிக்கணுமா?"

"அந்த வீட்டுக்குப் போகாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமா போகும். என்னை என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. தையல்காரியும் நர்ஸும் கூட்டு. கேஸ் முடிஞ்சுது."

"மாப்பிள்ளை, நீங்க சீக்கிரம் முடிச்ச கேஸெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. வண்டியை எடுங்க."

டாக்டரம்மா முகவரியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினோம். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று நான் கேட்ட அதே நொடியில் மாமியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நடு பட்டன் அவர் கையோடு போய்விட்டது.

"ஐயோ அத்தை! இது உங்க மக பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை!"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். தொப்பையை உள்ளே இழுத்துக்கிட்டு வாங்க."

தையல்காரியின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், வெட்டிப் போட்ட துணிக் குவியல், சுவரில் சாக்பீஸால் எழுதிய அளவுகள். கழுத்தில் டேப் தொங்க, உயரமான ஒரு பெண் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் தையல்காரி. அவள் காலடியில், குட்டையான ஸ்டூலில், வயிறு தெரிய ஆரம்பித்த இளம்பெண் ஒருத்தி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்படி மூடி மேல் பெரிய சிவப்புப் பட்டன் ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

"மாப்பிள்ளை சட்டைக்கு ஒரு பட்டன் வைக்கணும்மா. சாப்பாட்டுக்கு ஒரு அளவு இருக்குன்னா கேக்கவே மாட்டார், தெறிச்சுப் போச்சு," என்றார் மாமியார் கூச்சமே இல்லாமல்.

இளம்பெண் சிரித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் தகர டப்பாவுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அதை விடு. நான் எடுக்கறேன்," என்றாள் தையல்காரி. மெஷின் டிராயரைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை பாட்டில் வந்தது. பச்சை மூடி. அவள் எடுத்த வேகத்தில் கலகலவென்று குலுங்கியது. உள்ளங்கையில் கவிழ்த்தாள். வெள்ளைச் சட்டைப் பட்டன்கள் கொட்டின.

திங்கட்கிழமை வாங்கிய பாட்டில். வியாழக்கிழமையே பட்டனுக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. பிடித்துவிட்டோம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று மாமியாரின் காதில் கிசுகிசுக்கக் குனிந்தேன். அவர் என் கால் கட்டைவிரலைச் செருப்பால் மிதித்தார். மிதித்தபடியே திரும்பியதில் அவருடைய கைப்பை அந்தத் தகர டப்பாவைத் தட்டிவிட்டது. தெரியாமல் பட்ட மாதிரிதான் இருந்தது. என் மாமியார் தெரியாமல் எதையும் தட்டுகிறவர் இல்லை.

டப்பா சிமெண்ட் தரையில் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான் சத்தம்.

இளம்பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு பாய்ந்து அதை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். மாமியார் நடந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"மருந்து பாட்டில் சத்தம் போடக் கூடாது, போடுது. பட்டன் டப்பா சத்தம் போடணும், போடலை," என்றார். "உள்ளே பஞ்சு இருக்கு. இல்லையாம்மா?"

தையல்காரி கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை. "யார் நீங்க? போலீஸா?"

"போலீஸ்னா சொந்தச் சட்டையைக் கிழிச்சுக்கிட்டா வருவாங்க?" என்றேன். கத்தரிக்கோல் இருந்த உயரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"டாக்டர் அனுப்பி வந்திருக்கோம்," என்றார் மாமியார். "நீ மாத்திரை போடலைன்னு ரத்தம் சொல்லுது. நர்ஸ் மாத்திரையைத் திருடி வித்துட்டாங்கன்னு டாக்டர் சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நர்ஸைப் போலீஸ்ல ஒப்படைப்பாங்க. ஆராய்ச்சியை மூடுவாங்க. நீ பேசலைன்னா அதுதான் நடக்கும்."

"நர்ஸக்காவா?" கத்தரிக்கோல் தானாகவே இறங்கியது. "அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"அக்கா, போதும். சொல்லிடலாம்," என்றாள் இளம்பெண். டப்பாவை அவளே திறந்தாள். உள்ளே ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, முட்டைகளை அடுக்குவது போல அடுக்கி வைத்திருந்தாள்.

அவளே பேச ஆரம்பித்தாள். "நானும் அந்த ஆராய்ச்சியில இருந்தவதாங்க. உண்டாயிருக்கேன்னு தெரிஞ்சதும் எடுத்துட்டாங்க. கர்ப்பிணிக்கு அதுல இடமில்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அங்க கொடுப்பாங்கன்னு சொன்னாங்க. போனேன். மருந்து கொடுக்கற கவுண்டர்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, 'எதுக்கு இந்த மாத்திரை, உனக்கு நோயா, உன் புருஷனுக்கு நோயா'ன்னு கத்திக் கேட்டாங்க. திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னாடி வரிசையில எங்க தெரு ஆளு. வந்த வழியே ஓடி வந்துட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கிருமி இன்னும் அடங்கலைங்க. மாத்திரை அவருக்கு ஒத்துக்காம நடுவுல விட்டுட்டு இப்பதான் மறுபடி ஆரம்பிச்சிருக்கார்."

"என் வீட்டுக்காரர் கப்பல்ல சமையல்காரர்," என்றாள் தையல்காரி. "போய் மூணு மாசமாச்சு. ஆள் இல்லாத வீட்டுல எனக்கு எதுக்கு மாத்திரை? இவளுக்குத்தான் ரெண்டு உயிர். கொடுத்தேன். தப்புன்னா தப்புதான். மறுபடி கேட்டாலும் கொடுப்பேன்."

இவளைத்தான் மாத்திரை விற்றவள் என்று பத்து நிமிடத்துக்கு முன் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

"நர்ஸுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மாமியார்.

"நாங்க சொல்லலை. ஒரு தடவை ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாங்க. இந்த டப்பாவைப் பாத்தாங்க, இவ வயித்தைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கலை. அடுத்த மாசத்துலேர்ந்து என் பாட்டில்ல மட்டும் பஞ்சு ரெண்டு மடங்கா இருக்கும்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சரி, உன் வீட்டுக்காரர் எப்ப வர்றார்?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளைக்கு," என்றாள் தையல்காரி. "ஒரு பாட்டில்தான் இருக்கு. நாள் விட்டு நாள் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு நேத்து ராத்திரி முடிவு பண்ணோம்."

"ஒத்தைக் குடையில ரெண்டு பேர் போனா ரெண்டு பேரும்தான் நனைவாங்கம்மா. கிளம்புங்க, ரெண்டு பேரும்."

பின்வாசல் வழியாக டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது அவர் குழுவுக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மாமியார் சுருக்கமாகச் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் சிவந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! நீ மாத்திரை போடறேன்னு நம்பி நான் ஒவ்வொரு மாசமும் உன் செல்லை எண்ணிக்கிட்டிருக்கேன். என் ஆராய்ச்சியையே..." என்று தையல்காரியிடம் ஆரம்பித்தவர், இளம்பெண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். "நான் சீட்டு எழுதிக் கொடுத்தேனே. ஆஸ்பத்திரியில கொடுக்கலியா?"

"கேட்ட விதத்துல வாங்க முடியலைங்க."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "மருந்தால உனக்கு ஆபத்தில்லை. குழந்தைக்கும் இல்லை. எங்க விதியிலதான் உனக்கு இடம் வைக்காம விட்டுட்டோம்." பிறகு மெதுவாகக் கேட்டார். "இங்கேர்ந்து போனதுக்கும் இவ கொடுக்க ஆரம்பிச்சதுக்கும் நடுவுல மாத்திரை இருந்துதா?"

இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லைங்க. மூணு நாலு வாரம் வெறுமனேதான் இருந்தேன். அதுக்கப்புறம் பரிசோதனை பண்ணிக்கப் பயமா இருந்துது."

அந்த அறையில் யாருக்கும் குழு ஞாபகம் இல்லாமல் போயிற்று. ஒரு திருடியைத் தேடி வந்தோம், இப்போது இரண்டு உயிரின் கதி எங்கள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா பரிசோதனை அட்டையை எடுத்தார். இளம்பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நர்ஸக்கா குத்தினாத்தான்," என்றாள் குழந்தை மாதிரி.

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து, நர்ஸை அனுப்பச் சொல்லிக் காவலாளிக்குக் குரல் கொடுத்தார். நர்ஸ் உள்ளே வந்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார், தகர டப்பாவைப் பார்த்தார், நேராகப் போய்க் கை கழுவினார். இளம்பெண்ணின் விரலைப் பிடித்து, "அங்க பாரு, அந்த அண்ணன் சட்டையில பட்டன் இல்லை," என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த நொடியில் ஊசி குத்தியாகிவிட்டது. என் தொப்பை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு உதவியது.

ஒரு சொட்டு ரத்தம் அட்டையில் ஊறியது. "ஒரு கோடு வந்தா அட்டை சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டாவது கோடு வரக் கூடாது. கால் மணி நேரம் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா.

முதல் கோடு வந்தது. தையல்காரி டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். நான் சாமி கும்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அன்று கும்பிட்டேன். மேஜை மேல் போன் அடித்தது. குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அதை எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது.

"டாக்டர்," என்றார் மாமியார் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு செல் அலறினா உதவிக்கு வந்ததெல்லாம் சேர்ந்து சாகும்னு திரையில காட்டினீங்க. நர்ஸ் திருடின்னு அஞ்சு மணிக்கு நீங்க அலறியிருந்தா, இங்க யார் யாரெல்லாம் போயிருப்பாங்கன்னு எண்ணிப் பாருங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து அட்டையைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே கோடுதான்," என்றார். "இல்லை. கிருமி இல்லை. ரத்தத்தை லேபுக்கும் அனுப்பறேன், ஆனா நீ பயப்படாதே."

இளம்பெண் தையல்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தையல்காரியும் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

"குழுகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் மாமியார்.

"மாத்திரையில யாரும் கை வைக்கலை, என் விதியிலதான் ஓட்டைன்னு சொல்வேன். பாட்டிலைத் திறந்து பஞ்சு வெச்சதையும் மறைக்க மாட்டேன். எதுக்காக வெச்சாங்கங்கறதையும் சேர்த்துச் சொல்வேன். மூடறாங்களா விடறாங்களான்னு சண்டை போட்டுப் பாத்துடறேன்." தையல்காரியிடம் திரும்பினார். "உன் பாட்டில் உனக்குத்தான். இன்னிக்கே ஆரம்பி. தொடர்ந்து ஒரு வாரம் போட்டாத்தான் பலம் பிடிக்கும், அதுவரைக்கும் புருஷன்கிட்ட சொல்லி ஜாக்கிரதையா இரு."

பிறகு தன் சொந்தச் சீட்டில் ஏதோ எழுதிக் கீழே மருந்துக் கடைக்கு என்னை விரட்டினார். ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். ஆராய்ச்சி பாட்டில் இல்லை, சாதாரண வெள்ளை மூடி. அதை வாங்கி இளம்பெண்ணிடம் நீட்டப் போன டாக்டரம்மா, கை அசைந்ததில் அது கலகலவென்று குலுங்கியதும் அப்படியே நின்றார். கதவுக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். மூடியைத் திருகி சீலைக் கிழித்தார். நர்ஸின் தட்டிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பஞ்சைப் பிய்த்து உள்ளே திணித்து, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு பாட்டிலை நர்ஸிடம் நீட்டினார்.

"இது போதுமா?"

நர்ஸ் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க டாக்டர்," என்றார். "அவ பஸ்ல போறவ."